இருபத்துமூன்று வெள்ளைக் கோலியும் ஒரு கறுப்பும்

போன வாரம் மான்ட்ரியாலில், எங்கள் பியர்பொன்ட்ஸ் வீட்டு பேஸ்மென்டில் தண்ணீர் கசிந்தது. அப்பா வாங்கிய வீடு, ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு மூட்டுவலி வந்திருக்கும்போது வீட்டுக்கு மட்டும் வரக் கூடாது என்றால் எப்படி? சாமான்களை மேலே ஏற்றிக் கொடுக்க செயின்ட்-மிஷேலிலிருந்து தவராசா தன் வேனில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சாது. அம்மாவின் பழைய இரும்பு பீரோவை அவர் கொஞ்சம் சாய்த்ததும் உள்ளேயிருந்து ஓர் அந்துருண்டை தப்பித்து, சிமென்ட் தரையில் டக்டக்கென்று உருண்டு, வாஷிங் மெஷினுக்கு அடியில் போய் நின்றது.

அவர் அடித் தட்டுக்குள் கையை விட்டுத் துழாவி டிஷ்யூ தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே வெள்ளைக் கையுறை, ஒரு ஜோடி.

"அம்மா, இது ஒருக்காலும் போடாதது போல கிடக்கு. கடையில கட்டின நூல்கூட அறுக்கேல்லை. எறியட்டோ?"

"பேந்து பாப்பம்" என்றேன். யாழ்ப்பாணத்துக்காரர்களோடு பழகிப் பழகி, பிறகு என்பதற்கு அவர்கள் சொல்லும் அந்த "பேந்து" எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வசதியான வார்த்தை. இந்தக் கையுறை விஷயத்தில் நான் இத்தனை வருடமாகச் செய்துவருவதும் அதைத்தான்.

அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறினால் நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு அம்மாவின் பட்டுப்புடவை ஞாபகம் வர வேண்டும். எனக்கு வந்தது டவுன்டவுனில், மலைச்சரிவில் நின்ற ஒரு மூன்று மாடிக் கல் வீட்டின் மாடிப்படிக்குக் கீழே இருந்த கோட்டு அலமாரி. அங்கேயும் இதே வாசனைதான். விருந்தாளிகளின் கம்பளிக் கோட்டுகளும் ஃபர் கோட்டுகளும் தொங்கும். மேல் தட்டில், பூட்டிய பையில், ஒரு மரப்பெட்டி இருக்கும். அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை.

சொராரிட்டி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்லூரிப் பெண்கள் சேர்ந்து வைத்துக்கொள்ளும் சகோதரிச் சங்கம். மூன்று கிரேக்க எழுத்துகள்தான் பெயர். எந்த மூன்று என்று சொல்ல மாட்டேன். சாகும்வரை காப்பாற்றுவதாக மெழுகுவர்த்தி முன்னால் சத்தியம் செய்த ரகசியங்களில், உருப்படியாகக் காப்பாற்றக்கூடியது அது ஒன்றுதான். மூலச் சங்கம் அமெரிக்காவில். எங்களுடையது மலையடிவாரத்து ஆங்கிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த கிளை, சாப்டர் என்பார்கள். மொத்தம் இருபத்துநான்கு சகோதரிகள். மாடியில் எட்டு அறைகள். எட்டுப் பேர் அங்கேயே தங்கிப் படிக்கலாம். அவர்களைக் கண்காணிக்க ஹவுஸ் மதர் என்று ஒரு ஸ்காட்லாந்து விதவை அம்மாள். ஆண்களுக்கு முன்னறையோடு சரி. மாடிப்படியில் கால் வைக்கக் கூடாது.

அந்தக் கடைசி விதியைக் கேட்டதும் எங்கள் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "ஆம்பளைங்க உள்ள வர மாட்டாங்கன்னா தாராளமா சேரு" என்றாள். லேடீஸ் ஹாஸ்டலை இங்கிலீஷ்காரர்கள் இவ்வளவு பந்தாவாக நடத்துகிறார்கள் என்றுதான் அவள் கடைசிவரை நினைத்திருந்தாள். யோசித்துப் பார்த்தால் அது அவ்வளவு தப்பான கணிப்பும் இல்லை.

எங்கள் விழுமியங்கள் மூன்று. உண்மை, அன்பு, கண்ணியம். திங்கட்கிழமைதோறும் வட்டமாக நின்று, வெள்ளைக் கையுறை போட்ட இடது கையில் மெழுகுவர்த்தியும் வலது கை நெஞ்சிலுமாக, இந்த மூன்றையும் சொல்வோம். மெழுகு சொட்டிக் கையுறை கறையானால் கண்ணியத்தில் ஒரு புள்ளி குறைப்பார்கள். அன்புக்கும் உண்மைக்கும் புள்ளி கிடையாது. அவற்றை யாரும் சோதித்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

தங்க விளிம்பு போட்ட ஒரு கையேடும் தந்தார்கள். தெருவில் நடந்துகொண்டே புகை பிடிக்கக் கூடாது. உட்கார்ந்து பிடித்தால் கண்ணியம். சூயிங்கம் எங்கேயும் கூடாது. ஆணோடு பேசும்போது அவனுக்குத் தெரிந்ததை நாம் கேட்க வேண்டுமே தவிர, நமக்குத் தெரிந்ததை அவனிடம் சொல்லக் கூடாது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரான மாயவரத்தில் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் அத்தை கூடத்து மூலையில் நிறுத்திவைத்துச் சொன்ன அதே பாடம். அத்தையிடம் தங்க விளிம்பு இல்லை, அவ்வளவுதான்.

நான் எப்படி உள்ளே போனேன் என்று கேட்பீர்கள். என் அழகுக்கோ அறிவுக்கோ இல்லை. நிற பேதம், மத பேதம் பார்ப்பதில்லை என்று மாணவர் சங்கங்களெல்லாம் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று பேச்சு அடிபட்ட காலம். கையெழுத்துப் போடுவது சுலபம். காட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே. கணக்கு வகுப்பில் பார்பரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள்தான் சாப்டர் தலைவி. மலை மேல் பெரிய வீட்டுப் பெண், நல்ல உயரம், முடி காற்றில் அசையாது. "உன் உடை எத்தனை அழகு" என்று ஆரம்பித்தாள். நான் அன்று போட்டிருந்தது அம்மா தைத்த சுமாரான பாவாடை. எனக்குத் தலை கால் புரியவில்லை. மூன்றாம் வாரம் நான் சகோதரியாகிவிட்டேன்.

அதற்குப் பிறகு விருந்து என்றால் நான் புடவையில் வாசலில் நிற்க வேண்டும், கை கூப்ப வேண்டும். அம்மா வாழைக்காய் பஜ்ஜி போட்டு அனுப்புவாள். அதை வெள்ளித் தட்டில் அடுக்கி "மகாராணி பஜ்ஜி" என்று பெயர் எழுதி வைப்பார்கள். பக்கத்திலேயே வெள்ளரிக்காய் சாண்ட்விச். உலகத்திலேயே உப்பும் இல்லாமல் உறைப்பும் இல்லாமல் ஒரு பண்டத்தைக் கண்டுபிடித்து, அதன் ஓரத்தையும் வெட்டியெறிந்துவிட்டுச் சாப்பிட்டவர்கள் நாங்கள்தான். பஜ்ஜி ஐந்து நிமிடத்தில் காலியாகும். ஆனால் கண்ணியம் என்னவோ சாண்ட்விச்சில்தான் இருந்தது.

அந்த "மகாராணி" சும்மா வந்ததில்லை. அதற்குக் காரணம் நான்தான். யானை மேல் ஏறியிருக்கிறாயா என்று ஒருத்தி கேட்டாள். ஏறியிருக்கிறேன் என்றேன். பொய்யில்லை, ஆறு வயதில் கோயில் யானை மேல் அப்பா என்னைத் தூக்கி வைத்தார், நான் அலறிய அலறலில் இரண்டே நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். ஆனால் மாதத்துக்கு மாதம் அந்த யானை வளர்ந்தது. முதலில் அது தாத்தாவின் யானை ஆயிற்று. பிறகு இரண்டு யானை. பிறகு அவற்றைக் கட்ட ஓர் அரண்மனை வேண்டியிருந்தது. நானாக எதையும் சேர்க்கவில்லை, அவர்கள் சேர்த்ததை மறுக்கவுமில்லை. என் தாத்தா தாலுகா ஆபீசில் தலைமை குமாஸ்தா. வீட்டில் இருந்தது ஓர் எருமை; அதுவும் உதைக்கும்.

இந்தச் சமயத்தில்தான் கோமதி வந்து சேர்ந்தாள். சாட்சாத் மாயவரத்திலிருந்தே. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவள் அப்பா பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். அண்ணா இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர். அவரோடு தங்கி உயிர்வேதியியல் படிக்க வந்தாள். இரட்டைப் பின்னல், எண்ணெய் வழியும் நெற்றி, தெருக்கோடிக்குக் கேட்கும் குரல். படிப்பில் புலி. முதல் வருடமே சோதனைச்சாலையில் பேராசிரியர் அவளை மேல் வகுப்புக்காரர்களோடு உட்கார வைத்தார். ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கப்போவதாகச் சொல்வாள். அதில் பந்தா இருக்காது. நாளைக்குக் கத்தரிக்காய் வாங்கப்போகிறேன் என்பதுபோலச் சொல்வாள்.

எழுபதாம் வருடக் கோடையில் அவள் அண்ணாவுக்கு நாலு மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஊருக்கு மாற்றல் வந்தது. பெண் தனியாக அறை எடுத்துத் தங்குவதா என்று மாயவரத்திலிருந்து கடிதம் வந்தது. பெரியவள் ஒருத்தி பொறுப்பில் இருக்கிற, ஆண்கள் நுழையாத இடம் கிடைத்தால் தங்கிப் படிக்கலாம். இல்லையென்றால் அண்ணாவோடு மூட்டை கட்ட வேண்டும். அந்தச் சின்ன ஊரில் கல்லூரி கிடையாது. எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாகியிருந்தது. ஆனால் சகோதரியாகச் சேர்த்தால்தான் அறை.

நான்தான் அவளிடம் சொன்னேன், விண்ணப்பம் போடு என்று. ஏற்கெனவே எங்கள் சகோதரத்துவத்தைப் பற்றி அவளிடம் ரொம்பவே அளந்துவிட்டிருந்தேன். வாழ்நாள் முழுக்கச் சகோதரிகள், ஒருத்திக்கு ஒன்றென்றால் இருபத்துநான்கு பேரும் நிற்பார்கள், அப்படி இப்படி என்று. கூடப் பிறந்த அக்கா தங்கை இல்லாத அவள் அதையெல்லாம் நம்பினாள். "நீ இருக்கிற எடத்துல எனக்கென்னடி பயம்" என்றாள். அந்தச் சனிக்கிழமையே கடைவீதிக்குப் போய், கையேட்டில் சொன்னபடி, ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை வாங்கி வந்தாள்.

புதுப் பெண்களைப் பார்த்துப் பொறுக்க அக்டோபரில் தேநீர் விருந்து வைப்போம். அந்த வருட அக்டோபர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கியூபெக்கைத் தனி நாடாகக் கேட்டவர்களின் ஆள் கடத்தல், தபால் பெட்டி வெடிகள், தெருமுனையில் ராணுவ வண்டி, துப்பாக்கியோடு சின்னச் சின்னப் பையன்கள். ஊரே கதிகலங்கி நின்றது. எங்கள் செயற்குழுவும் அவசரமாகக் கூடி நெருக்கடியை ஆராய்ந்து, தேநீரை நாலு மணிக்குப் பதில் மூன்று மணிக்கு வைப்பது என்றும், கைத்துடைப்புத் தாள் இளஞ்சிவப்பா மஞ்சளா என்பதை வாக்கெடுப்புக்கு விடுவது என்றும் தீர்மானித்தது.

விருந்துக்குக் கோமதி வந்தாள். வாசலில் பட்டுப்புடவையில் கை கூப்பி நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னடி இது, கொலு பொம்மை மாதிரி நிக்கறே?" என்று தமிழில் கேட்டுவிட்டு உள்ளே போனாள். கையுறை கையில் இருந்தது, மாட்டிக்கொள்ளவில்லை. பலகாரம் சாப்பிட்ட பிறகு மாட்டிக்கொள்கிறேன் என்றாள். அடுக்கி வைத்த பஜ்ஜியில் நாலை அவளே தின்றாள். சாண்ட்விச்சைக் கடித்துப் பார்த்துவிட்டு நாசூக்காகப் பூந்தொட்டியில் போட்டாள். ஆனால் சுற்றி நின்ற பெண்களைச் சிரிக்கவும் வைத்தாள். நான் ஒரு வருடமாக நின்றும் ஒருத்தியையும் அப்படிச் சிரிக்க வைத்ததில்லை.

அப்போது பார்பரா அவளிடம் கேட்டாள். நீயும் அதே ஊர்தானே, இவள் தாத்தாவின் யானைகளைப் பார்த்திருக்கிறாயா?

கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு கணம்தான். என் முகத்தில் என்ன வழிந்ததோ, எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. பார்பரா பக்கம் திரும்பி, பார்த்திருக்கிறேனாவது, தினம் காலையில் இரண்டும் எங்கள் தெரு வழியாகத்தான் குளிக்கப் போகும், சின்னது கொஞ்சம் உதைக்கும், என்று இங்கிலீஷில் சொன்னாள். என்னைத் தாண்டிப் போகும்போது தமிழில் மெதுவாக, "எருமைக்கு யானை வேஷமாடி?" என்றாள். கண்ணில் சிரிப்பு. ஒரு துளி விஷமில்லை.

நான் அன்று அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். கட்டிக்கொள்ளவில்லை. ரயிலேறி வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். இன்றைக்கு மறைத்தாள், சரி. மாடியறையில் குடியேறிய பிறகு? தினம் அவர்களோடு சாப்பிட்டு, சிரித்து, வாய் ஓயாமல் பேசி, என்றைக்காவது ஒருநாள் அந்த எருமை வெளியே வராதா? இன்னொன்றும் இருந்தது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இரண்டு இந்தியப் பெண்கள் வந்துவிட்டால் மகாராணி என்று ஒருத்தி எதற்கு?

இப்போது பெட்டிக்கு வருகிறேன். ஞாயிறு பிற்பகல் வாக்கெடுப்பு. ஹவுஸ் மதர் பையின் பூட்டைத் திறந்து அந்த மரப்பெட்டியை மேசை மேல் வைப்பாள். முன்பக்கம் ஒரு துவாரம், அதில் கறுப்பு வெல்வெட் திரை. உள்ளே ஒரு தட்டில் வெள்ளைக் கோலிகளும் கறுப்புக் கோலிகளும் கலந்து கிடக்கும். ஒவ்வொருத்தியாகப் போய்த் திரைக்குள் கையை விட்டு, ஒரு கோலியை எடுத்துப் பின்பக்க இழுப்பறைக்குள் போட வேண்டும். வெள்ளை என்றால் சம்மதம். கறுப்பு ஒன்று விழுந்தால் போதும், அந்தப் பெண் வர முடியாது. யார் போட்டது, ஏன் போட்டாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அது அன்புக்கு விரோதம். ஒரு சலுகை மட்டும் உண்டு. ஒரே ஒரு கறுப்பு விழுந்திருந்தால், யாருக்காவது கை தவறியிருக்கலாம் என்று, இன்னொரு முறை எடுப்பார்கள். இரண்டாம் முறையும் கறுப்பு என்றால் முடிந்தது.

கோமதியின் பெயரைப் படித்தார்கள். நான் போனேன். கையை விட்டேன். கை தவறவில்லை, நண்பரே. துவாரத்தருகே குனிந்து திரை இடுக்கில் பார்த்தால் தட்டு தெரியும், எல்லோரும் அப்படித்தான் நிறம் பார்த்து எடுப்போம். நான் பார்த்தேதான் எடுத்தேன்.

பார்பரா இழுப்பறையைத் திறந்தாள். இருபத்துமூன்று வெள்ளை, ஒரு கறுப்பு. அந்த இருபத்துமூன்றை நான் திரும்ப எண்ணிப் பார்த்தேன். இத்தனை பேருக்கு அவளைப் பிடித்திருக்கிறதா? அவர்களைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் பொய்யா? அவளை வேண்டாமென்று சொன்ன ஒரே ஒருத்தி நானா? பார்பரா கனைத்துக்கொண்டு, யாருக்காவது கை தவறியிருக்கும், மறுபடி எடுப்போம் என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடாத குறையாகப் போய் வெள்ளையைப் போட்டேன். சரியாகிவிட்டது, யாருக்கும் தெரியாது, ராத்திரி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

பார்பரா மறுபடி இழுப்பறையைத் திறந்தாள். மூன்று கறுப்பு.

எப்படி என்று அன்று விளங்கவில்லை. பிறகு யோசித்து யோசித்துத் தெளிந்தது. முதல் தடவை அந்த மூன்று பேருக்கும் கறுப்பைத் தொடக் கூச்சமாக இருந்திருக்கிறது. நல்ல வீட்டுப் பெண்கள், உண்மை, அன்பு, கண்ணியம். ஏற்கெனவே ஒருத்தி துணிந்துவிட்டாள் என்று தெரிந்ததும் அந்தக் கூச்சம் போய்விட்டது. வழி காட்டியது நான்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எல்லோரும் என்னிடம் வந்தார்கள். ஒருத்தி பின் ஒருத்தியாக என்னைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது, உன் இனத்துப் பெண்ணுக்கு இப்படி நடந்துவிட்டது, உன் மனம் என்ன பாடுபடும். அந்த மூன்று பேரும் கட்டிக்கொண்டிருப்பார்கள், சந்தேகமில்லை. நான் அழுதுகொண்டே எல்லோரையும் மன்னித்தேன். பெருந்தன்மையாக. மகாராணியல்லவா.

தேர்வான பெண்களுக்கு மறுநாள் ஐந்து மணிக்கு மாணவர் அலுவலகத்தில் உறை கிடைக்கும். கோமதி நாலரைக்கே போய் நின்றாளாம். ஐந்தே முக்கால்வரை நின்றுவிட்டு, மெட்ரோ வாசலில் காத்திருந்த என்னிடம் வந்தாள். உறை இல்லை என்றாள். நான் அழுதேன். அவள் கைக்குட்டையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அழாதடி, நீ என்ன பண்ணுவே" என்றாள்.

வீட்டில் அம்மா கேட்டது இன்னும் கஷ்டம். "நீ உள்ள இருந்துமா அவளுக்குக் கிடைக்கலை?" நான் கை கழுவப் போய்விட்டேன்.

கோமதி நவம்பரில் அண்ணாவோடு அந்தச் சின்ன ஊருக்குப் போனாள். இரண்டு வருடம் அங்கே அண்ணாவுக்கும் அண்ணிக்கும் சமைத்துப் போட்டாள். கல்யாணமாகித்தான் மான்ட்ரியாலுக்குத் திரும்பினாள். பட்டப் படிப்பைத் தொடர முடியவில்லை. ஒரு குறுகிய பயிற்சி முடித்து ஆஸ்பத்திரியில் ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கும் டெக்னீஷியன் ஆனாள். ஆராய்ச்சி என்ற பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. எந்த விருந்திலும் என்னைக் காட்டி அந்தக் கதையை மட்டும் சொல்வாள். வெள்ளைக்காரிகளெல்லாம் என்னை வேணாம்னுட்டாங்க, இவ ஒருத்திதான் எனக்காக மெட்ரோ வாசல்ல நின்னு அழுதா. கேட்பவர்கள் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். நான் சமோசாத் தட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பேன். அடக்கம் என்று அதற்கும் பாராட்டு கிடைக்கும்.

தேர்தலில் கியூபெக் தனிநாட்டுக் கட்சி ஆட்சிக்கு வந்து இங்கிலீஷ்காரர்கள் டொரன்டோவுக்கு மூட்டை கட்டிய சமயத்தில் கோமதி வீட்டுக்காரருக்கும் அங்கே வேலை மாறியது. சாமான் கட்ட நான் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். மேசை இழுப்பறையில் அந்தக் கையுறை கிடந்தது. மணிக்கட்டில் இரண்டையும் சேர்த்துக் கடையில் போட்ட நூல் அப்படியே இருந்தது. அவள் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் சொன்னேன். யானை, எருமை, பெட்டி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"ரெண்டாவது தடவை?"

"வெள்ளை."

"மத்த மூணு பேரு?"

"தெரியாது."

ஒட்டின டேப்பை விரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாள். பிறகு, "அந்தக் கத்தரிக்கோலை எடு" என்றாள். கொடுத்தேன். டேப்பை வெட்டினாள். அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டாள். சாயங்காலம் நான் கிளம்பும்போது கையுறையை டிஷ்யூ தாளில் சுற்றி என் கோட்டுப் பையில் திணித்தாள். "இது உன்கிட்டயே இருக்கட்டும்." அவ்வளவுதான். இனி என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

ஆறு மாதம் கழித்து டொரன்டோவில் அவள் வீட்டுக் கிரகப்பிரவேசம். அழைப்பு வந்தது. பயந்துகொண்டே போனேன். பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட உட்கார்ந்தபோது கோமதி என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அந்தக் கதையை ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை மாற்றவில்லை. இவ ஒருத்திதான் எனக்காக அழுதா என்று சொல்லும்போது நேராக என் கண்ணைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கும் மேல், எத்தனையோ கல்யாணங்களிலும் சீமந்தங்களிலும் அதே கதை, அதே பார்வை. மன்னித்தாளா, தண்டித்தாளா? நான் கேட்கவில்லை. யானைகளை அன்று எனக்காகக் காப்பாற்றியவள், இதையும் காப்பாற்றினாள். அது மட்டும் தெரியும்.

வாழ்நாள் சகோதரத்துவம் எழுபதுகளின் பாதியைத் தாண்டவில்லை. பெண்கள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஊர்வலம் போக ஆரம்பித்தார்கள். வெள்ளைக் கையுறை என்றாலே சிரித்தார்கள். ஒரு வருடம் தேநீர் விருந்துக்கு இரண்டே பேர் வந்தார்கள், அதில் ஒருத்தி முகவரி மாறி வந்தவள். சாப்டரை மூடினார்கள். பெட்டியும் கையேடுகளும் அமெரிக்காவுக்குப் போயின. பார்பரா எங்கே என்று தெரியாது. அந்தக் கல் வீடு இப்போது ஒரு கார்த்ரி, குழந்தைகள் காப்பகம். நாங்கள் மெழுகுவர்த்தி பிடித்து நின்ற முன்னறையில் சின்னப் பிள்ளைகளின் பனிக்காலணிகள் வரிசையாகக் கிடக்கின்றன. உள்ளே பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஓடுகிற அதுகளில் எல்லா நிறமும் இருக்கிறது. யாரும் கோலி போட்டுச் சேர்க்கவில்லை.

போன ஜூனில் கோமதி போய்விட்டாள். பதின்மூன்றாம் நாள் அவள் பெண் எழுந்து நின்று அம்மாவைப் பற்றிப் பேசினாள். எங்கம்மாவுக்காக அழுத ஒரே சகோதரி இதோ உட்கார்ந்திருக்காங்க என்று என்னைக் காட்டினாள். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண், கோமதியின் பேத்தி, வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், காபி வேணுமா ஆன்ட்டி என்று யாரோ கேட்டார்கள். கொஞ்சமாக் கொடுங்க என்றேன்.

தவராசா நேற்று மறுபடி வந்தார். எறிய வேண்டியவை ஒரு பக்கம், வைக்க வேண்டியவை ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தவர், கையுறையைக் காட்டி, "அம்மா, இதுக்கு என்ன முடிவு? போட்டுப் பாக்கிறதெண்டால் நூலை வெட்டி விடுறன்" என்றார்.

வெட்ட வேண்டாம் என்றேன். அந்த முதல் கறுப்புக் கோலி யாருடையது என்று தெரிந்தவர்கள் நேற்றுவரை உலகத்தில் இரண்டு பேர் இருந்ததாகவே நான் நடந்துகொண்டிருந்தேன். உண்மையில் ஜூனிலிருந்து நான் ஒருத்திதான். அது தாங்க முடியவில்லை, அதனால்தான் உங்களிடம் சொல்லிவிட்டேன்.